பழைய காகிதம் கொண்டுவரச் சொன்னேன்

கள்ளக்குறிச்சி,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகன் ரெக்ஸுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் ஜூலியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று இன்று பூசையிலும் வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை கம்மியாகியிருக்கிறது, வாய்தான் கம்மியாகவில்லை. அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. இந்த முட்டியோடு கல்வராயன் மலைக்கு இன்னும் எத்தனை நாள் பஸ் ஏறுவாய், கீழே மாறுதல் வாங்கிக்கொள் என்று நீ சொன்னது நியாயம்தான், விண்ணப்பத்தைக்கூட நிரப்பி வைத்திருந்தேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுக்கிறேன் அல்லவா, மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்த காலத்து வரி உத்தரவு ஒன்றைச் சென்னை ஆவணக் காப்பகத்தில் நகல் வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுத்தேன். பாடப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற கூட்டம், அதில் தங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், அவரவர் வீட்டுப் பழைய காகிதத்தைக் கொண்டுவாருங்கள், ஒரிஜினலே வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பிள்ளைகளோடு பெற்றவர்களும் வந்து நிற்கிறார்கள் ரெக்ஸு, வேலைக்குப் போகாமல், ரேஷன் கார்டு ஆதார் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு. டீச்சர் ஒரிஜினல் கேட்கிறார் என்றதும், உழுகிற நிலத்துக்குப் பட்டா தரப்போகிறார்கள் என்று ஊரே நம்பிவிட்டது. இத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் எனக்கு அது தோன்றவேயில்லை பார்.

பட்டா இல்லை, பாடம் நடத்தத்தான் கேட்டேன் என்று சொல்லி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஒரு பையனின் அப்பா பச்சமுத்து மட்டும் ஒரு நாள் கூலி போச்சுங்க என்று சிரித்துவிட்டுப் போனார். என் மாணவி பாரதியின் அம்மா சாலம்மாள் மட்டும் போகாமல் நின்று, தன் அப்பா நிலம் கேட்டுக் கொடுத்த மனுவின் பிரதியை எடுத்தார். இதில் என்ன எழுதியிருக்கிறதென்று இதுவரை யாரும் படித்துச் சொன்னதில்லையாம். பாரதியையே படிக்கச் சொன்னேன். தாத்தா எந்த ஓடை தொடங்கி எந்தப் பாறை வரை உழுதார் என்று அவள் படிக்கப் படிக்க, சாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், நானும்தான். பதில் வந்ததா என்று வகுப்பே கேட்டது. வரவில்லை. அப்படியானால் நாம் திரும்ப எழுதலாம் டீச்சர் என்றார்கள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன், சாலம்மாள் வாங்கவில்லை. "எங்க வூடு ஒழுவுதுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். தாலுக்கா ஆபீசுல கேட்டப்பகூட இத நாங்க குடுத்ததில்ல டீச்சர்."

வீணாக நிற்கவைத்த என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது மற்றவர்களும் கொண்டுவந்து தருகிறார்கள், பீரோவில் அப்பா வேட்டியை ஒதுக்கிவிட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் படித்து, புது மனு எழுதி, கிராம சபையில் வைக்கப் போகிறார்கள். அதுகளை விட்டுவிட்டு நான் எப்படிடா கீழே வந்து உட்காருவேன்? விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன், அம்மாவை மன்னித்துக்கொள்.

இரண்டு பேரும் நூறு வயசுக்கு நல்லா இருங்கள், ஆண்டவர் உங்களைக் கண்மணிபோல் காப்பார். உன் பாஸ்போர்ட்டைக் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டதாக ஜூலியா சொன்னாள். நாளைக்கே கேட்டு வாங்கி உன் கையில் வைத்துக்கொள் ராசா.

உன் அம்மா,
ஆனந்தமேரி