உப்புப் போடாத கஞ்சி

இன்று காலை கஞ்சியில் உப்புப் போட்டேன். விரலில் ஒட்டிய ஈரக் கல்லுப்பைப் பார்த்ததும் உங்களோடு பேசவேண்டும் போல் இருந்தது. ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்கள் தலைக்குள் வளர்ந்திருந்த கட்டியை மூக்கு வழியாகவே எடுத்தார்கள். மூன்றாம் நாள் சித்தி வீட்டில் கஞ்சி வைத்துத் தூக்கில் கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏ புள்ள, வேதாரண்யத்து உப்பளத்த அப்படியே அள்ளிக்கிட்டு வந்துட்டியா?" என்றீர்கள்.

"படுத்துக்கிட்டும் நக்கலுக்குக் குறைச்சல் இல்ல" என்றேன்.

அடுத்த வேளை பாதி உப்புப் போட்டேன். அப்போதும் கரிக்கிறது என்றீர்கள். மறுநாள் உப்பே போடவில்லை. "தொண்டையெல்லாம் உப்பா இருக்கு" என்றீர்கள். நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. கஞ்சியில் உப்பில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூக்கில் சொட்டியதை நீர்க்கோவை என்று நினைத்தேன். பெரிய டாக்டர் வரும்போது நீங்கள் சுத்தமாக இருக்கவேண்டுமே என்று, துடைத்த துண்டை அவர் வருவதற்குள் துவைத்துக் காயப்போட்டேன். ஐந்தாம் நாள்தான் நர்ஸ் கண்ணில் பட்டது.

"இது சளியா, மூளையச் சுத்தியிருக்கிற தண்ணியான்னு பாக்கணும்மா. வெளியூருக்கு அனுப்பித்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

பதில் வருவதற்குள் காய்ச்சல் வந்தது. உங்களால் கழுத்தை அசைக்க முடியவில்லை. பதில் வந்த அன்று கட்டில் காலியாக இருந்தது.

வயலில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்தாலும் வரப்பில் நண்டு வளை எங்கே இருக்கிறதென்று காலாலேயே தடவிக் கண்டுபிடித்து மிதித்து அடைப்பீர்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்லியும் எனக்குப் புரியவில்லையே.

போன மாதம் உங்கள் தங்கை மல்லிகாவுக்கு மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன். நான்தான் கூட இருந்தேன். இரண்டாம் நாள் கஞ்சி குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி, இப்படிக் கரிக்குது?"

நீங்கள் போனதிலிருந்து நான் கஞ்சிக்கு உப்புப் போடுவதில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"சிஸ்டர், நான் உப்பே போடல. அவ கரிக்குதுங்குறா!"

"அதுக்கா இப்படி ஓடியாறீங்க?"

"டாக்டரக் கூப்பிடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சின்ன வயது டாக்டரம்மா வந்தார். மல்லிகாவை உட்காரவைத்து, முன்னால் குனியச் சொன்னார். நாற்று நடுகிறவள்போல் குனிந்தாள். மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டியது. அவள் துடைக்கக் கையைத் தூக்கினாள், நான் பிடித்துக்கொண்டேன். "துடைக்காதடி!"

டாக்டரம்மா அதைச் சின்னக் குப்பியில் பிடித்து, கட்டில் பக்கத்திலேயே ஓர் அட்டையில் விட்டார். பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதுமாதிரி அட்டை.

"வெளியூருக்கு அனுப்பணுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள தெரிஞ்சிரும்."

நான் போகவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. மூளைத் தண்ணீர்தான், அது தொண்டையில் இறங்கித்தான் கரித்திருக்கிறது என்றார். அன்றே உள்ளே கூட்டிப்போய் ஓட்டையை அடைத்தார்கள். காய்ச்சல் வரவில்லை.

மல்லிகா பிழைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் துண்டு அட்டைமேல் கோபமாக வந்தது. நாலு வருஷம் முன்னால் வந்திருக்கக்கூடாதா அது?

இப்போது அவள் நம் வீட்டில்தான் இருக்கிறாள். இன்று கஞ்சியைக் குடித்துவிட்டுக் கேட்கிறாள்: "ஏன் அண்ணி, வேதாரண்யத்துக்கு பஸ்ஸு நின்னுபோச்சா? உப்பே இல்லியே!"

அப்படியே உங்கள் பேச்சு. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஜாடியைத் திறந்து ஒரு கல் எடுத்துப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். "இப்பதான் கஞ்சி" என்றாள். அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்; ஒன்றும் சொட்டவில்லை.

மிச்சத்தை நான் குடித்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு, உப்போடு.