சுபா வேண்டாமென்ற பாடம்

வியாழன் இரவு, வெள்ளவத்தை

எப்போதோ சித்தியடைந்து, இப்போது முழுவதும் மறந்துபோன ஒரு பாடம் இன்னும் நம்முடையதுதானா?

தம்பியின் மனைவி சுபா, கலியாணத்தோடு பாதியில் விட்ட படிப்பை வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரப் போகிறாள். பழைய பாடங்களுக்குக் கிரெடிட் தருகிறார்கள். அவற்றைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை. புள்ளிவிபரவியலையும் ஏற்றுக்கொண்டார்கள். அது மட்டும் வேண்டாமென்று நாளைக்குச் சொல்லப் போகிறாளாம்.

“விசரே உமக்கு? பாஸ் பண்ணின பாடமெல்லே!” என்றேன்.

“பாஸ் பண்ணினனான், மச்சாள். விளங்கிப் பண்ணேல்லை. ரியூசன்ல தந்த விடையளைப் பாடமாக்கிக்கொண்டு போய்க் கொட்டினனான்.”

“எல்லாரும் அப்பிடித்தான். திரும்பப் படிச்சா டிகிரி ஒரு வருஷம் பிந்தும். உம்மட ஒஃபிஸில டிகிரி முடிச்சாத் தாறமெண்ட ஆய்வுப் பதவியை வேற ஆருக்காவது குடுத்துடுவினம்.”

“ஓம். ஆனா அந்தக் கதிரையில இருந்து நான் முழிக்கேக்க, நீங்களே வந்து கணக்குப் பார்த்துத் தருவியள்?”

சிரித்துக்கொண்டே கேட்டாள். நேர்மையைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் இலகுவில் நம்புவதில்லை. இவள் அந்தச் சொல்லை எடுக்கவேயில்லை. காலையில் மனம் மாறக்கூடும். மாறினாலும் குறை சொல்லமாட்டேன்.

வெள்ளி

மாறவில்லை. பல்கலைக்கழகத்தின் பம்பலப்பிட்டி அலுவலகத்தில் எழுதுவினைஞர் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கிரெடிட் பட்டியலிலிருந்து அந்தப் பாடத்தை நீக்கினாராம். வரும்வழியில் காலி வீதியில் புள்ளிவிபரவியல் புத்தகமும் வாங்கிவிட்டாள். முதல் அத்தியாயத்திலேயே என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். என் பட்டத்திலும் அந்தப் பாடம் இருக்கிறது. விழித்தேன். பிறகு என் கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.