வெள்ளைத் துணியில் தெரியாதது

அக்கா,

இன்று காலை என் மகன் வண்டி துடைப்பதற்காக அரைக் கிலோ பனியன் வேஸ்ட் துணி வாங்கி வந்தான். பொட்டலத்தைப் பிரித்ததும் மேலாகக் கிடந்தது கறையே இல்லாத ஒரு வெள்ளைத் துண்டு. புதுத் துணியின் ப்ளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே வலது உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். "என்னம்மா பண்றே?" என்றான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தால் நீளமாகப் போகும். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. சொல்ல வேண்டியது உங்களிடம்தான் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அருள்புரம் பக்கத்து ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நீங்கள் அங்கே சத்துணவு மையத்தில் உதவியாளர். அதற்கு முன்பு பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் கறை, கிழிசல் பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றவர். பிள்ளைகளுக்கு ஆயாம்மா, எனக்கு அக்கா.

நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் லைன் வீட்டுப் பிள்ளைகள். பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். வாரத்துக்கு நாலைந்து பேராவது வயிற்றுப்போக்கு என்று லீவு போடுவார்கள். திரும்பி வரும்போது முகம் சுண்டிப்போயிருக்கும். நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள். எனவே சார்ட் வரைந்து சுவரில் ஒட்டினேன். "சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும்" என்று தினமும் மூன்று தடவை சொல்ல வைத்தேன். கூரை அதிரச் சொல்லிவிட்டு, கோலிக்குண்டு ஆடிய கையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

நீங்கள் கரண்டியோடு நின்று பார்த்துச் சிரித்தீர்கள். "ஏனுங்க டீச்சர், வாயி நல்லாக் கழுவிருச்சுங்க. கைதான் பாக்கி."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்படின்னா நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றேன்.

ஒரு சாயங்காலம் என்னை மூன்றாம் வகுப்புச் செல்வியின் வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். அவள் அம்மா கம்பெனியிலிருந்து எடுத்து வந்த வெள்ளை பனியன்கள் வாசலில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. பிசிறு வெட்டிக் கொடுக்க வேண்டும். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த செல்வி உள்ளே வந்தாள். யாரும் சொல்லாமலே சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள், உதறிக் காயவைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தாள். எட்டு வயதுப் பிள்ளை.

"பாத்தீங்களா டீச்சர்? வெள்ளப் பீசுல ஒரு வெரல் கறை பட்டாப் போதும், கம்பெனில திருப்பி அடிச்சிருவாங்க. அது இந்தக் கழுதைக்குத் தெரியும். வயித்துக்குள்ள போற சோத்தை எவன் திருப்பி அடிக்கறான்?" என்றீர்கள். செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மறுநாள் நீங்கள் ஒரு வெள்ளைக் கட்பீஸைக் கொண்டுவந்து, சாப்பாட்டு வரிசைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் விரித்தீர்கள். ஒவ்வொருவரும் உள்ளங்கையை அதில் அழுத்திக் காட்ட வேண்டும். தடம் விழுந்தால் நீங்கள் செக்கிங் குரலில் "ரிஜெக்ட்!" என்பீர்கள். அந்தப் பிள்ளை தண்ணீர் டிரம்முக்கு ஓடிக் கை கழுவி வரவேண்டும். வரிசையே சேர்ந்து "ரிஜெக்ட், ரிஜெக்ட்" என்று கத்தும். ஒரு வாரத்தில் துணி வெள்ளையாகவே நின்றது. பள்ளியைப் பார்க்க வந்த அதிகாரி இது யார் யோசனை என்று கேட்டார். "எங்கள் பள்ளியில் இப்படித்தான் சார்" என்றேன். நீங்கள் பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தீர்கள்.

ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். செல்விக்குத்தான் மோசம். பெரியாஸ்பத்திரியில் கையிலும் காலிலும் பாட்டில் ஏற்றியிருந்தார்கள். கண் உள்ளே போய்விட்டது, இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

அன்று மதியம் பெற்றோர் பள்ளிக்குள் வந்தார்கள். செல்வியின் அப்பா முன்னால் நின்றார். "சோத்துல கை வெக்கறது யாருங்க? எம் புள்ளைக்கு எதாச்சும் ஆச்சு, சும்மா உட மாட்டேன்!" பின்னாலிருந்து ஒரு பெண், "அந்தம்மா கை சுத்தமிருந்தா இத்தன புள்ளைகளுக்கு எப்படி வரும்?" என்றாள். இன்னொருவர், "வேற ஆளைப் போடுங்க, இல்லீன்னா தட்டை எடுத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

நீங்கள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "நானும் அதே சோத்தைத்தானுங்க திங்கறேன்" என்று மட்டும் சொன்னீர்கள். யார் காதிலும் விழவில்லை. தலைமை ஆசிரியர் சத்துணவு அமைப்பாளரிடம் பேசிவிட்டு, விசாரணை முடியும்வரை நீங்கள் வரவேண்டாம் என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன்.

நீங்கள் வராத முதல் நாள் ஸ்டூல் பக்கத்தில் நான் நின்றேன். பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். யாருடைய கையும் தடம் விடவில்லை. பிள்ளைகளைத் தைரியப்படுத்த நானும் கையை அழுத்திக் காட்டினேன். துணி பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் கையைத் திருப்பிப் பார்த்தேன். சற்று முன்தான் கரும்பலகையை அழித்திருந்தேன். கை முழுக்கச் சாக்பீஸ் தூள். வெள்ளைத் துணியில் அது எப்படித் தெரியும்?

வரிசையில் அடுத்து நின்றவனைக் கேட்டேன். "கை கழுவினியாடா?"

"இல்லீங் டீச்சர். டவுசர்ல தொடச்சேன்."

"ஏன்?"

"துணி வெள்ளையாத்தானுங்களே இருக்குது!"

டிரம்மில் தண்ணீர் அடியில் கிடந்தது. வரிசையை விட்டுப்போனால் இடம் போய்விடும். துடைத்தாலே பாஸ் ஆகிறது. எல்லாருக்கும் இது எப்போதோ தெரிந்திருக்கிறது. ஐம்பது கைகள் ஒரே துணியில் ஒத்தி எடுத்துவிட்டு நேராகத் தட்டுக்குப் போயிருக்கின்றன. நோய் அந்தத் துணியால்தான் வந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மழைத்தண்ணீர் கலந்த குழாயாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கைகள் சுத்தம் என்று முத்திரை குத்தியது நான்.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். சொன்னதையெல்லாம் புடைப்பதை நிறுத்தாமலே கேட்டீர்கள்.

"பதினோரு வருசம் கறையே பாத்த கண்ணுங்க. கறை இல்லீன்னா சரக்கு நல்ல சரக்குன்னு எடுத்துருச்சு. எம் புத்தி அவ்வளவுதான்" என்றீர்கள்.

"இல்லக்கா. கிருமி கண்ணுக்குத் தெரியாதுன்னு படிச்சவ நான். எனக்குத்தான் தோணியிருக்கணும்."

"அப்படீங்களா? அப்ப அதை எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நாளைக்கு அவங்க முன்னால சொல்லுங்க." முறம் நின்றது. "இன்னொண்ணும் சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. சாப்பிடறதுக்கு முன்ன நீங்க கை கழுவி நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க. டிபன் பாக்ஸைத் தொறப்பீங்க, தின்பீங்க. புள்ளைக அதையும் பாக்குதுகல்ல?"



மறுநாள் காலை பெரியாஸ்பத்திரிக்கே போனேன். செல்வியின் அப்பா வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். துணியைப் பற்றி, டவுசரில் துடைத்ததைப் பற்றி, தண்ணீர் இல்லாத டிரம்மைப் பற்றிச் சொன்னேன். "வெள்ளையா இருந்தாப் போதும்னு உட்டது நானுங்க. ஆயாம்மா மேல தப்பில்ல" என்றேன். அவர், "படிச்ச நீங்களே இப்படிப் பண்ணிப் போட்டீங்களே டீச்சர்" என்றார். அவ்வளவுதான். அதைவிட அவர் கத்தியிருக்கலாம். அங்கிருந்து பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடமும், வாசலில் கூடிய பெற்றோரிடமும் அதையே திரும்பச் சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் எளிதாக இருந்தது.

செல்வி பிழைத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து நீங்கள் திரும்பி வந்தபோது ஸ்டூலை எடுத்துவிட்டோம். டிரம்முக்கு மூடி போட்டோம். நீங்கள் செம்பில் மொண்டு ஊற்ற, பிள்ளைகள் சோப்புத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவினார்கள். கையை எதிலும் துடைக்கக் கூடாது, உதறிக் காயவைக்க வேண்டும். நுரை வராத கையை மறுபடி தேய்க்கச் சொல்வீர்கள். "கண்ணு, வெரல் சந்துல தேயி. மோதரம் போட்டிருக்கறியா என்ன, அங்க மட்டும் உட்டுட்டே?" முதல் ஆளாக என் கைக்குத்தான் தண்ணீர் ஊற்றினீர்கள், எல்லாரும் பார்க்க. ஒரு பொடியன், "டீச்சர், நகத்துல சாக்பீசு!" என்று கத்தினான். நீங்கள் சிரித்த சிரிப்பில் செம்புத் தண்ணீர் என் புடவையில் ஊற்றியது. வயிற்றுப்போக்கு லீவு நின்றே போனது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. ஒரு மாதம் முழுக்க யாருமே போடாத மாதமும் ஒன்று வந்தது. அந்த மாதக் கடைசியில் நீங்கள் என் டிபன் பாக்ஸில் ஒரு முட்டை வைத்தீர்கள்.

நான் பதிவேட்டைப் பார்த்து நின்ற அந்த மதியத்தைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதைத்தான் எல்லாரிடமும் சொல்லி மெச்சிக்கொள்வீர்கள்: "எங்க டீச்சர் தைரியமானவங்க." இரண்டு நாள் தாமதமாக வந்த தைரியம் அது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது நான் வேறொரு பள்ளியில் தலைமை ஆசிரியை. போன வருடம் மழைக்காலத்தில் அங்கும் நாலு பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. பெற்றோர் கூட்டமாக உள்ளே வந்தார்கள். சமையல் செய்கிற பெண் அடுப்பருகே சுவரோடு ஒட்டி நின்றாள். வேலைக்கு வந்து ஆறு மாதம்தான், பேர்கூட எனக்குச் சரியாகப் பழகவில்லை. அவள் கை சுத்தமா, அரிசி கெட்டதா, தண்ணீரா, எனக்கு ஒன்றும் தெரியாது. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முற்றத்தைக் கடந்து போய், அவள் பக்கத்தில், அவர்களைப் பார்த்து நின்றுகொண்டேன். அதன்பிறகுதான் வாயைத் திறந்தேன்.