இடுப்பளவில் நின்ற கதவு

வடக்கு டகோட்டா,
நவம்பர் 28.

அன்பு மகள் பெரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். இரண்டு பேரும் என்று எழுதியிருப்பதை இன்னொரு தரம் படித்துவிட்டு அப்புறம் கீழே போ. ஆஸ்திரேலியாவில், அந்த டார்வின் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்து நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது, ஆஸ்பத்திரியில் சரிசெய்துவிட்டார்கள் என்று மட்டும்தான் போனில் சொன்னேன், இப்போதே விமானம் ஏறுகிறேன் என்று நீ அழுததும் எனக்கு மேலே பேச்சு வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். எழுதும்போது உன்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளப் போகிறேன். நம் ஊரில் அது பெரிய குற்றம், தெரியும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ போன பிறகு நம் தொண்டர் குழுவின் ஆம்புலன்ஸ் ஷெட் கதவைக் குளிருக்குத் தயார் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது அல்லவா, அக்டோபரில் அறுவடை லாரிகள் ஓய்ந்ததும் போனேன். என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி, வருஷா வருஷம் பார்த்தவர், தூக்கியவர் பெயர் போட இடமும் விட்டுச் சுவரில் நீ ஒட்டிவைத்த தாள் அப்படியே இருக்கிறது. உருளைகளைத் துடைத்தேன், கீல்களுக்கு எண்ணெய் விட்டேன், அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டாமலிருக்க நீ சொன்ன சிலிக்கான் கிரீஸை முழு நீளத்துக்கும் தடவினேன். உன் அப்பா காரில் உட்கார்ந்தபடியே, "நீ கன்னுக்குட்டியக்கூட இப்படித் தடவிக் குடுத்ததில்ல" என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் இடுப்பு வரை தூக்கி விட்டேன். நிற்கவில்லை, தொப்பென்று விழுந்தது. நம் குழுத் தலைவன் கர்ட் சிரித்தான். "மோட்டார்தான் தூக்குதே மார்லிஸ், கையால தூக்கி யாருகிட்ட வீரம் காட்டப் போறீங்க? வசந்தத்துல பாத்துக்கலாம், விடுங்க" என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது, கை விறைத்துப் போயிருந்தது. ஆனால் தாளில் நீ கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய், கதவு இடுப்பளவில் தானாக நிற்காவிட்டால் அதன் எடையைத் தாங்குகிற ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, நீயாகக் கை வைக்காதே, ஆளைக் கூப்பிடு, நாளைக்கு என்று தள்ளாதே என்று. நீயே பக்கத்தில் நின்று முறைக்கிற மாதிரி இருந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து ஆள் வந்து இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றினான். மறுபடி தூக்கி விட்டேன், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி விட்ட இடத்தில் நின்றது.

இந்த மாதத் தொடக்கத்தில் சர்ச்சில் மீன் விருந்து. காலையிலிருந்து விழுந்த இடத்திலேயே உறைகிற மழை, மரமெல்லாம் கண்ணாடி. மூன்று மணிப் பந்தியில் விளக்கு போனது, யாரும் கவலைப்படவில்லை, மெழுகுவத்தி ஏற்றிச் சாப்பாடு நடந்தது. அப்பா முகத்தைப் பார்த்தால் சாம்பல் நிறம், நெற்றியெல்லாம் வேர்வை. என்ன செய்கிறது என்றால், "ஒண்ணுமில்ல, வெண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு, ஆர்ப்பாட்டம் பண்ணாத, ஜனங்க சாப்பிடுறாங்கல்ல" என்கிறார்! செத்தாலும் பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது உன் அப்பாவுக்கு. கர்ட் அவர் வாயில் ஆஸ்பிரினைப் போட்டுப் பிடித்துக்கொண்டான், நான் வழுக்கி விழாத குறையாகத் தெருவைத் தாண்டி ஷெட்டுக்கு ஓடினேன். பக்கக் கதவு வழியாக உள்ளே போய்ப் பொத்தானை அழுத்துகிறேன், கரண்டு இல்லை, பெரிய கதவு அசையவில்லை. அந்த ஒரு நிமிஷம், பெரிட், அவர் போய்விட்டார் என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் கை தானாகச் சிவப்புக் கயிற்றைத் தேடியது. இழுத்தேன், குனிந்து தூக்கினேன். வெளியே தரை முழுக்கப் பனிக்கட்டி, அடி ரப்பர் ஒட்டவே இல்லை, சுலபமாகக் கழன்று வந்தது. அறுபத்தாறு வயது, கெட்டுப்போன தோள், பன்னிரண்டடி கதவு, என் இரண்டு கையோடு எழுந்து வந்தது. எட்டாத உயரத்துக்குத் துடைப்பக் கட்டையால் தள்ளினேன், தள்ளிய இடத்தில் நின்றது. வண்டியைச் சர்ச் வாசலில் நிறுத்தியதும் கர்ட் வாயைப் பிளந்தான், "கரண்டு இல்லையே, கதவ யார் தூக்கினா?" என்று கேட்டான். பெரிட் என்றேன். உடனே அப்பாவை வண்டியில் ஏற்ற ஓடினான். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு உன் அப்பாவைக் காப்பாற்றியது நீதான். எனக்கு உன்னை நினைத்தால் நெஞ்சு கொள்ளவில்லை, யார் என்ன நினைத்தாலும் கடையில், சர்ச்சில், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.

ஒரே கவலை, வீட்டுக்கு வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் அப்பா, "உயிரோட இருந்தா பாக்கலாம்" என்கிறார். தோட்டத்துக்கு விதை வாங்கலாமா என்றால், இருந்தா பாக்கலாம். அடுத்த கோடைக்குப் படகுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்றால் அதே பதில். போன வியாழக்கிழமை தன்னை ஷெட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கதவை அடியிலிருந்து மேல்வரை பார்த்தார், ரப்பரை விரலால் தொட்டார். நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப வந்து பார்த்தபோதுதான் உன் தாளில் கடைசியாக ஒரு வரி புதிதாக இருப்பது தெரிந்தது. அடுத்த அக்டோபர் என்று எழுதி, கதவைப் பார்த்தவர் என்கிற இடத்தில் ஆர்லின் என்று தன் பெயரைக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்தில், தூக்கியவர் என்கிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். பேனா கையில் இருந்திருக்கிறது, என் பெயரை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை. நான் வா என்று சொல்லவில்லை, வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. இடம் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கடவுள் உன்னையும் உன் கைகளையும் கூடவே இருந்து காக்கட்டும். போனில் அப்பாவிடம் இந்தத் தாளைப் பற்றி மூச்சு விடாதே, நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நேற்று விதைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா மார்லிஸ்