சக்களத்திச் சாவி

என் பூனைக்குட்டிப் புருஷனுக்கு,

நேற்று நீ போய் நாற்பதாம் நாள் நினைவுச் சாப்பாடு. மாரிட்டும் வந்தாள். போர்க்காலத்தில் உங்கள் ஓய்வூதிய அலுவலகக் கணினிகளைத் திருடர்களிடமிருந்து காக்கக் கற்றுத்தர, எஸ்தோனியா அனுப்பிய அதே மாரிட்தான்.

கணினியில் செருகி விரலால் தொட்டால்தான் உள்ளே விடும் என்று அவள் கொடுத்த குட்டிச் சாவியை நீ சிலுவையோடு ஒரே கயிற்றில் போட்டிருந்தாய். குளிக்கும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றுவாய், அதைக் கழற்ற மாட்டாய். அன்று வேலை நடுவே சைரன் கேட்டு அலுவலகத்தில் எல்லோரும் நிலவறைக்கு இறங்கினார்கள். கயிற்றிலிருந்து கழற்றிக் கணினியில் செருகி மறந்த அந்தச் சாவிக்காக நீ மட்டும் திரும்ப மேலே ஏறினாய். குண்டு விழுந்த பிறகு, உன் மூடிய கைக்குள்ளிருந்துதான் அதை எடுத்து என்னிடம் தந்தார்கள்.

"அக்கா, அதை ஆபீஸ்ல ஒப்படைக்கணும்," என்றாள் மாரிட்.

"என் சக்களத்தியக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தியாக்கும்! அவர் விரல் பட்டாத்தான் மசிவாளாமே?"

"இல்லக்கா. யார் விரல் பட்டாலும் ஏத்துக்கும், திருடன் விரலானாலும். அதான் அதை விட்டுட்டு வர அவருக்கு மனசு வரல."

ஊர்க் கிழவிகளின் பென்ஷனை நினைத்தாய். என்னை நினைக்கவில்லை.

மாரிட் தன் மடிக்கணினியில் செருகிக் காட்டினாள். தொடச் சொல்லி அது பச்சையாகக் கண்ணைச் சிமிட்டியது. பாத்திரம் தேய்த்த ஈரக் கையாலேயே தொட்டேன். உடனே அடங்கிவிட்டது. உனக்கும் அப்படித்தானே அடங்கியிருக்கும்?

அவளிடமே கொடுத்துவிட்டேன். பொறாமை மட்டும் என்னிடமே இருக்கிறது.

தினமும் என் பக்கத்தில்தானே படுத்தாய். 'நீயும் தொட்டுப் பாருடி' என்று ஒரு தடவைகூட ஏன் என்னிடம் அதை நீட்டவில்லை?

உன் வீட்டுக்காரி