கமாண்ட் ஹெச்சில் போன கடிதம்

12, திங்கள்

காலையிலிருந்தே உப்புக் காற்று. ஜன்னலைச் சாத்தியும் விசைப்பலகை மேல் பிசுபிசுப்பு. பழைய பனியனால் துடைத்தேன். என் மகள் கல்பனா புனேவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன மேக் லேப்டாப். திருவொற்றியூரிலேயே ஒரே மேக் இதுதான் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை.

எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் ராயபுரம் கப்பல் சரக்கு ஆபீசில் முப்பது வருடம் டைப்பிங். அங்கே கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி கொண்டுவந்ததே நான்தான். என் விரல் வேகத்தைப் பார்த்து ஜப்பான் கேப்டன் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். வெயிலுக்கும் கழற்றியிருக்கலாம். ஆனால் என் எதிரில்தான் கழற்றினார்.

இன்று நானே கண்டுபிடித்த விதி: விண்டோஸில் கண்ட்ரோல் எதுவோ, மேக்கில் அது கமாண்ட். எழுத்து மாறாது. சி நகல், வி ஒட்டு, இசட் பழையபடி, எஸ் சேமிப்பு, ஏ முழுசும். ஐந்தும் பரீட்சை செய்தாயிற்று. ஐந்தும் பாஸ்.

வாங்க வேண்டியது: பல்பொடி, கொசுவத்தி, அரை கிலோ ரவை.

அணைக்கும்போது 'நிச்சயமாக அணைக்கவா?' என்று கேட்கிறது. இந்த வீட்டில் என்னைக் கேள்வி கேட்பது அது ஒன்றுதான்.

13, செவ்வாய்

கா. 8. கல்பனா போன். வெளியே கன்டெய்னர் லாரி வரிசை, ஒரே ஹாரன். சமையலறைக்குள் போய்ப் பேசினேன்.

"நைனா, ஆபீஸ்ல என்னை கனடாவுக்குக் கேக்குறாங்க. மூணு வருஷம். திங்கக்கெழம கையெழுத்து போடணும். நீ தனியா இருந்துக்குவியா?"

"எனக்கு இன்னாம்மா? ராஜா மாரி கீறேன். தெருவே என் வூட்ல தான் கீது."

"பீலா வுடாத. போன்ல உன் வாயில நெசமே வராது. எழுதி அனுப்பு. நீ எழுதுறத வெச்சுதான் நான் முடிவு பண்ணுவேன்."

அவள் அம்மா தவறி இரண்டு வருடம். அவளும் இப்படித்தான். பாதிப் பேச்சில் பிடித்துவிடுவாள்.

ரவை உப்புமா. அடி பிடித்தது.

14, புதன்

மழை வரும்போல இருந்தது. வரவில்லை. மேக்கில் உட்கார்ந்தேன். கேப்டன், கப்பல் எதுவும் இல்லாமல் எழுத முடிகிறதா பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். முடிந்தது. எனக்கே ஆச்சரியம்.

'தனியா சாப்பிடுகிறேன். பசி தெரிவதில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார வண்டியில் ஏறி எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறேன், யாராவது பக்கத்தில் உட்காருவார்கள் என்று. அப்புறம் தனியா நடந்து வீடு.' இப்படி ஒரு பக்கம்.

படித்துப் பார்த்தேன். 'தனியா' ஏழு இடத்தில். இதைப் படித்தால் பெண் கனடாவுக்கு எங்கே போவாள்? எல்லா 'தனியா'வையும் 'நிம்மதியா' என்று மாற்றிவிட்டால் கடிதம் சரியாகிவிடும். ஒவ்வொன்றாக ஏன்? ஆபீசில் ஒரே அடியில் மாற்றுவேனே, கண்ட்ரோல் ஹெச். என் விதிப்படி இங்கே கமாண்ட் ஹெச்.

அடித்தேன். கடிதம் காணோம். பக்கமே இல்லை. வெறும் மலைப் படம். கமாண்ட் இசட் பத்துத் தடவை. டொங், டொங் என்ற சத்தம் மட்டும். சேமிக்கவும் இல்லை.

மூடியைச் சாத்தினேன். முப்பது வருடத்தில் ஒரு சரக்குப் பட்டியல் தொலைத்ததில்லை. (ஒன்று.)

15, வியாழன்

ஜெராக்ஸ் கடை தாஸ், என் தோஸ்து. அவன் கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ். பழக்கதோஷத்தில் கமாண்ட் இருக்கவேண்டிய இடத்தை அழுத்தினால் அது ஆல்ட். மெனு விழுந்தது. பக்கத்தில் ஜன்னல் படம் போட்ட விசை. அதை அழுத்தினால் எல்லாம் சின்னச் சின்னதாகச் சிதறியது.

"இன்னா மாமு, ஊருக்கே பாடம் எடுப்ப. இப்ப தடவிக்கினு கீற?"

"மேக் கை தாஸு. லேசுல எறங்காது."

"கட்டளை அடிக்கிற கறுப்புத் திரைல மட்டும் கண்ட்ரோல் சி அட்ச்சிடாத. நகல் எடுக்காது, ஓடிக்கினு இருக்கிற வேலைய கொன்னுடும். அங்க ஷிப்டும் சேர்த்து அமுக்கணும்."

ஒரே சி. மூன்று வீட்டில் மூன்று குணம்.

புதுக் கடிதம் அங்கேயே அடித்தேன். தினமும் இருபது பேர் வருகிறார்கள், கோயில் கமிட்டியில் கூப்பிடுகிறார்கள், தாஸ் வீட்டில் மீன் குழம்பு, போய் வா மகளே. கல்பனாவுக்கு அனுப்பினேன். தாஸ் எட்டிப் பார்த்தான்.

"என் வூட்ல எப்ப மாமு மீன் துன்ன?"

காசை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

18, ஞாயிறு

மா. 5. கல்பனா வீடியோவில். கடிதம் கிடைத்ததாம், சந்தோஷமாம். நாளைக்குக் கையெழுத்தாம். மேக் மெதுவாக ஓடுகிறது என்றேன். "இரு, நான் பாக்குறேன்" என்று புனேயிலிருந்தே என் திரையைப் பிடித்துக்கொண்டாள். அம்புக்குறி தானாக நகர்ந்தது.

"எது எது தொறந்து கீதுன்னு பாப்போம்" என்று கமாண்ட் டேப் அடித்தாள்.

கடிதம் வந்தது. புதன்கிழமைக் கடிதம். முழுசாக.

அம்புக்குறி நின்றது. பிறகு மெதுவாக ஒவ்வொரு வரியாக இறங்கியது. எண்ணூர் வண்டி வரியில் ரொம்ப நேரம்.

"அது அழிஞ்சி பூட்சும்மா. ஹெச் அட்ச்சேன்."

"மேக்ல அது அழிக்காது நைனா. மறைக்கும், அவ்ளோதான்." அப்புறம் கேட்டாள், "ரெண்டு லெட்டர்ல எது நெசம்?"

"இது சும்மா, டைப்பிங் பிராக்டீஸு."

"அப்போ நீயே அழி. அழிச்சா நான் பாக்கலன்னு வெச்சுக்குறேன். நாளைக்கு கையெழுத்து போட்டுடறேன்."

அம்புக்குறியை விட்டுவிட்டாள். இரண்டே அடி. கமாண்ட் ஏ, அப்புறம் டெலீட். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

கமாண்ட் ஏ அடித்தேன். பக்கம் முழுதும் நீலம். விரல் டெலீட் மேல். லாரி ஒன்று போய் முடிந்தது.

கமாண்ட் எஸ் அடித்தேன்.

பெயர் கேட்டு ஒரு பெட்டி. 'நெசம்' என்று போட்டேன்.