உடைக்காமல் விட்ட குளவிக்கூடு

மச்சான்,

இன்றைக்குக் காரின் டிக்கியை ஒதுக்கும்போது, நீ வாங்கிய குளவி மருந்து டின் உருண்டு வந்தது. மூடிகூடத் திறக்கவில்லை. பேரப்பிள்ளைக்கு வாங்கிய இருக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

ஓம், என் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. ஒன்பது வருடம் கோயில் நேர்த்தி, கிளினிக் என்று அலைந்தவள். நீ இருந்திருந்தால் முதலில் உனக்குத்தான் சொல்லியிருப்பேன்.

போன வருடம் மீன்பிடிக்க வடக்கே போனோமே, ஏரிக்கரையில் அந்த மரவீடு. வாசல் கூரையடியில் பூசணிக்காய் அளவில், சாம்பல் நிறத்தில் கூடு தொங்கியது. நீ டின்னோடு ஏணி தேடினாய். நான்தான் கையைப் பிடித்தேன். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை கிடைக்கும், உடைக்கக்கூடாது என்று ஊரில் சொல்வார்களே.

"டேய், அது மண் குளவி. இது கடதாசி மாதிரிக் கட்டியிருக்கு, கலைச்சுக் கொட்டுற விசர்க் குளவி," என்றாய்.

குளவி என்றால் குளவிதான் என்று அடம்பிடித்தேன். அறுபது வயதில் என்ன அடம்! என் முகத்தைப் பார்த்துவிட்டு டின்னை என் கார் டிக்கிக்குள் எறிந்தாய்.

"சரி, பிள்ளைக்காக இருக்கட்டும்."

மறுநாள் காலை நீ மீன் வாளியோடு வாசலுக்கு வந்த நேரம், காற்றில் கதவு அடித்துச் சாத்தியது. கூடு அதிர்ந்து அவ்வளவு குளவியும் இறங்கின. கழுத்தில் நாலைந்து கொட்டு. அது உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று உனக்கே தெரியாது. போனில் சிக்னல் இல்லை, ஆஸ்பத்திரி ஒன்றரை மணித்தியாலத் தூரம். பாதி வழியில் நீ கதைப்பதை நிறுத்திவிட்டாய்.

இரண்டு மாதத்தில் மகளுக்குப் பிள்ளை தங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, மச்சான். ஊர்க்கதையை நம்பினால், உன்னைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கியவன் ஆகிறேன். நம்பாவிட்டால், ஒரு வெறுங்கதைக்காக உன்னைச் சாகவிட்டவன் ஆகிறேன். பிள்ளையைத் தூக்கும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது. அதுவும் பயமாக இருக்கிறது.

செத்தவீட்டில் உன் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணை, அவர் கூட்டைக் காணேல்லையோ?"

நீ காணவில்லை என்று சொன்னேன். அந்தப் பொய்யை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அவர் ரொக்ஸ்பரோவில் உங்கள் வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தார். மடியில் வைத்து நெற்றியை முகர்ந்தார். நீ இருந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாய் என்று அழுதார். பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. சொல்லிவிடுவோம் என்று பக்கத்தில் போய் இருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.